முதல் நாளே பூட்டிய கதவு

மகன்,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாயா, தங்க இடம் வசதியா என்றெல்லாம் கேட்டுத்தான் இதைத் தொடங்கியிருக்க வேண்டும். கை வரவில்லை. காலையில் இங்கே ஒன்று நடந்துவிட்டது. கொஞ்சம் முன்பு உனக்குப் போன் எடுத்தேன். நீ "என்னம்மா?" என்றாய். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன். உன் மாமா இதைத் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். மாமாவின் போனுக்குள் போனது ஊர் முழுக்கப் போகும் என்பது உனக்குத் தெரியும். போகட்டும். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். காலையில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. முதலிலேயே சொன்னால் நீ ஓடி வருவாய், பார்த்துவிட்டுப் பிறகு கொழும்புக்கே போய்விடுவாய். எனக்கு நீ ஓடி வருவது போதாது, திரும்பி வர வேண்டும்.

நீ போகும்போது டிஸ்பென்சரிக் கதவைப் பூட்டி, அதன் திறப்பை என் கையில் வைத்து, "மாமாட்ட குடுத்திடுங்கோ அம்மா, வாடி அவற்றதுதானே, அவர் பழையபடி வலை போட்டு வைக்கட்டும்" என்று சொன்னாய். அவ்வளவுதான் சொன்னாய். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் திகைத்துப்போய் அந்த இடத்திலேயே நின்றேன். உன்னைப் பெற்று வளர்த்து டாக்டராக்கியதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இப்படித் திகைத்து நிற்கிற வேலைதான். எத்தனை தரம் நிற்க வைத்திருக்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முதல் தரம், நீ யாழ்ப்பாணத்தில் டாக்டர் படிப்பை முடித்தபோது, மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று ஊரே கேட்டது. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். தம்பி என்ன ஸ்பெஷலிஸ்ட் ஆகப்போகிறான், இருதயமோ, மூளையோ என்று கேட்பார்கள். நான் பெருமையாக, "பொறுங்கோ, பெடியன் சொல்லுவான்" என்று சொல்லி வைத்திருந்தேன். நீ வந்து "குடும்ப டாக்டர்" என்றாய். பக்கத்து வீட்டு பிலோமினா என்ன கேட்டாள் தெரியுமா? "குடும்ப டாக்டர் எண்டால், அக்கா, ஆற்றை குடும்பத்துக்கு?" வீட்டுக்கு வந்து அதே கேள்வியை உன்னிடம் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "இருதயத்தைப் பாக்க ஆள் இருக்கு, கண்ணைப் பாக்க ஆள் இருக்கு. பிலோமினா அக்காவைப் பாக்க ஆர் இருக்கினம்?" என்றாய். அவளைப் பார்க்க அவளுடைய புருஷன் இருக்கிறான் என்று நான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அடுத்தது சிலாவத்துறை. அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்தபோது நான் ஒருநாள் மீன்குழம்பும் பிட்டும் கட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். நீ வாசலில் நின்றாய். வயல் வேலை செய்கிற ஒரு மனிதரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலில் பெரிய கட்டு. அவருடைய மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாகனம் போன பிறகும் நீ தெருவைப் பார்த்தபடி நின்றாய். நான் வந்ததைக் காணவில்லை. பிறகு என்னைப் பார்த்து, சுகம்கூடக் கேட்காமல், "அம்மா, இந்தக் கால் சின்னப் புண்ணா இருக்கேக்க ஒருத்தற்ற கண்ணிலையும் படேல்லை. வருத்தம் முத்தினாப் பிறகுதான் சனம் எங்களிட்ட வருது" என்றாய். நான் கொண்டுவந்த சாப்பாட்டை நீ அன்றைக்குத் தொடவில்லை. ஆற வைத்துவிட்டாய். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு நீ அரசாங்க வேலையை விட்டாய். விட்டுவிட்டுத்தான் வந்து சொன்னாய். அரசாங்க வேலையை விடுகிற பிள்ளையை மன்னாரில் யாராவது கண்டிருக்கிறார்களா? சரி, டவுனிலே, பஸ் நிலையத்துக்குக் கிட்டே, பெரிய போர்டு போட்டு இருக்கப்போகிறாய் என்று மனதைத் தேற்றினேன். நீ தாழ்வுபாட்டுக்கே வந்து, கடற்கரையில் மாமா வலையும் ஐஸ் பெட்டியும் போட்டு வைக்கிற வாடிக் கொட்டிலைக் கேட்டாய். கருவாடு காய்கிற இடத்தில் டிஸ்பென்சரியா? மாமாவுக்குத்தான் தலைகால் தெரியாத சந்தோஷம். வலையெல்லாம் வெளியே போட்டார். நிலத்துக்குச் சீமெந்து பூசினார். நீயும் அவரும் சேர்ந்து வெள்ளையடித்தீர்கள். எத்தனை தரம் அடித்தும் மீன் மணம் போகவில்லை. "மணம் இருந்தாத்தான் எங்கட சனம் பயமில்லாம உள்ள வரும்" என்றாய் நீ.

மாமாவின் கையைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வேறு ஊரார் இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். உன் அப்பா போன பிறகு எங்களைத் தாங்கியது அந்தக் கைதான். புது வள்ளம் கடலில் இறக்கினால் முதலில் தள்ளுவது அவர். புதுக்கடை திறந்தால் முதல் சாமான் வாங்குவது அவர். அவர் கை பட்டால் விளங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் ஒருநாளாவது காய்ச்சல் என்று படுத்து நான் கண்டதில்லை. அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. டிஸ்பென்சரியில் முதன்முதலாக நோய் நொடியோடு ஒரு வருத்தக்காரன் வந்து ஏறினால் அந்த இடம் என்றைக்கும் வருத்தமாகவே போய்விடும். வருத்தமே இல்லாத, ராசியான ஒருவர்தான் முதலில் உட்கார வேண்டும். உன்னிடம் சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வருத்தமில்லாத ஆளை இருத்தி டிஸ்பென்சரி திறக்கிற ஊர் உலகத்திலேயே இதுதான் அம்மா" என்றாய். ஆனாலும் எனக்காகச் சம்மதித்தாய்.

டிஸ்பென்சரி திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். வாசல் நிறையச் சனம். கேக், சோடா, பிள்ளைகளின் சத்தம். நீ வேடிக்கையாக, "வாங்கோ அம்மா, முதல்ல உங்களுக்குச் சீனி பாப்பம்" என்று அந்தச் சின்ன ஊசி மெஷினோடு என் விரலைப் பிடித்தாய். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "நல்ல நாளில ரத்தம் காட்டாதையடா" என்று ஏசினேன். பிறகு மாமா வந்தார். வெள்ளைச் சேட்டு, புதுச் சாரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து கதிரையில் உட்கார்ந்தார். சனம் கைதட்டியது. நீ சிரித்தபடி குழாயைக் காதில் மாட்டினாய். அப்போது உன் கண் அவருடைய காலில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

நீ நிலத்தில் இருந்தாய். சுவாமி நிற்க, ஊர் நிற்க, டாக்டரான நீ கீழே உட்கார்ந்து மாமாவின் வலக்காலைத் தூக்கி மடியில் வைத்தாய். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆசீர்வாதம் வாங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ பாதத்தைத் திருப்பியபோதுதான் கண்டேன். சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்துப் போயிருந்தன. அடிப்பாதத்தில் ஒரு ஓட்டை. அதற்குள்ளே மீன் முள்ளோ என்னவோ வெள்ளையாய்த் தெரிந்தது. கருவாட்டு மணத்துக்குள் அந்தப் புண்ணின் மணம் எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

"மாமா, நோகுதோ?" என்று கேட்டாய்.

"தொட்டிட்டுக் கேளடா" என்றார் அவர்.

நீ ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தாய். உன் பெருவிரல் அந்தப் புண்ணுக்குப் பக்கத்தில் புதைந்து கிடந்ததை நான் பார்த்தேன். நீ தலையைத் தூக்காமல், "நடக்கேக்க செருப்புக் கழண்டா உங்களுக்குத் தெரியுமோ மாமா?" என்று கேட்டாய். "இப்ப வாற செருப்பெல்லாம் லூசடா. போன கிழமை ஒண்டைக் கரையில விட்டிட்டு வெறுங்காலோட வந்திட்டன்" என்று அவர் சொன்னார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஓம், எனக்கும்தான் கழண்டு கழண்டு போகுது" என்றேன். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. உனக்கும் கேட்கவில்லை.

மாமாவின் விரலில் குத்திப் பார்த்தாய். மெஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டுகிறது என்றாய். அவருக்கு நீரிழிவு, சீனி வருத்தம், வந்து கனகாலம் என்றும், அதுதான் காலின் உணர்வைத் தின்றுவிட்டது என்றும், இப்போதே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் எல்லாரும் கேட்கச் சொன்னாய். மாமா உன் தோளில் கையை வைத்து, கிட்ட இழுத்து, மெல்லிய குரலில் சொன்னார். "இண்டைக்கு வேண்டாம் மருமோன். முதல் ஆளே ஆஸ்பத்திரிக்குப் போனான் எண்டால் இந்தப் படியை ஒருத்தரும் மிதிக்காயினம். ஒரு கிழமை போகட்டும். நான் ஒருத்தருக்கும் தெரியாமப் போறன்." தன் கால் அழுகுகிறது என்று கேட்ட பிறகும் அந்த மனிதருக்கு உன் கதவைப் பற்றித்தான் கவலை. நான் என்ன செய்தேன்? அவரோடு சேர்ந்துகொண்டேன். "ஓம் தம்பி, கேக்கை வெட்டுவம், நாளைக்குப் பாப்பம்" என்றேன். உன்னைப் பெற்ற தாய், அவரோடு கூடப் பிறந்த தங்கச்சி, கேக்கை வெட்டுவோம் என்றேன்.

நீ எழும்பி, "எல்லாரும் வெளியில போங்கோ" என்று கத்தினாய். சுவாமியும் அதில் அடக்கம். கதவைப் பூட்டினாய். மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நீயே போனாய். வெட்டாத கேக்கோடு நான் வாசலில் நின்றேன். திறந்த அன்றைக்கே பூட்டின கதவு. அதைப் பார்க்க எனக்கு உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் மட்டும் நான் மாறவில்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது முதலில் உள்ளே கூட்டிக்கொண்டு போ, கதவைச் சாத்து, ஒரு வாய் தண்ணீர் கொடு, பிறகு சொல். ஊருக்கு முன்னால் வைத்து உடைக்காதே. நீ சொன்னது சரி, சொன்ன விதம் பிழை. இனி வருகிறவர்களுக்காவது அப்படிச் செய்.

மன்னாரில் இரண்டு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே வெட்டியிருப்போம் என்று சத்திரசிகிச்சை டாக்டர் என்னிடமே சொன்னார். மாமா கேட்ட அதே ஒரு கிழமை, ஏழே நாள்.

அதன்பிறகு ஊர் உன்னைக் கொண்டாடும் என்று நினைத்தேன். மாமா சொன்னதுதான் நடந்தது. ஒருத்தரும் வரவில்லை. ராசிக்காரருக்கே இந்தக் கதி என்றால் எங்களுக்கு என்ன நடக்கும் என்றார்கள். "போனால் இல்லாத வருத்தத்தையும் கண்டுபிடிச்சுப்போடுவான்" என்று பிலோமினா கிணற்றடியில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். தப்பித்தவறி வந்த ஒன்றிரண்டு பேருக்கும் உன்னைப் பிடிக்கவில்லை. காய்ச்சல் என்று வந்தவர்கள் ஊசி கேட்டார்கள். நீ போடவில்லை. என்ன சாப்பிடுகிறாய், நித்திரை வருகிறதா, வீட்டில் யாருக்குச் சீனி என்று கேட்டுக்கொண்டிருந்தாய். "குளிசை ரெண்டு, கதை ஒரு பாட்டம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். நீ வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் தேத்தண்ணி கொண்டு வருகிற சாட்டில் வந்து அந்தக் கதிரையில் இருப்பேன், தெருவால் போகிறவர்களுக்கு ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் என்று. நீ உடனே என் விரலைக் கேட்பாய். நான் எழும்பி ஓடிவிடுவேன். உன்னிடம் வந்து வருத்தக்காரியானால் ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா? டாக்டரின் தாய்க்கே வருத்தம் என்று வேறு சொல்வார்கள். இப்படியும் ஒரு மூளை எனக்கு.

மாமாவையும் ஊர் விட்டுவிட்டது. நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கரையில் ஒரு புது வள்ளம் இறக்கினார்கள். முதலில் தள்ள வேறு யாரையோ கூப்பிட்டார்கள். மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று பின்னேரமே நீ கொழும்பு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? உன் வெறும் கதிரைகளை நீ பொறுத்துக்கொண்டாய். மாமாவின் அந்த நடையைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை. உன்னால்தான் அவர் கௌரவம் போனது என்று நினைக்கிறாய். நீ பஸ் ஏறின பிறகு அதை நான் மாமாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "விசரோ உனக்கு? காலில்லாமல் கௌரவத்தை வைச்சு என்ன செய்யிறது? அவனைக் கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது காலையில் நடந்தது. கோயிலுக்குப் போய், சந்தைக்குப் போய், வெயிலுக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன். குசினிக்குள் மீனை வைத்துவிட்டுத் திரும்பினால் நிலத்தில் இரத்தம். வாசலிலிருந்து குசினி வரைக்கும் சிவப்புச் சிவப்பாய்ப் பட்டிருந்தது. பூனை எதையோ கடித்து இழுத்துவிட்டது என்று பார்த்தேன். இல்லை. பிலோமினாதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆருக்கக்கா அடிபட்டது?" என்றாள். "தெரியேல்லையடி" என்றேன். அவள் என் காலைப் பார்த்து, "ஐயோ மாதாவே" என்று கத்தினாள். குனிந்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் சுடுதார் ரோட்டில் நடந்தேன், ஒன்றும் தெரியாது. உடைந்த போத்தல் துண்டு ஒன்று பாதத்தில் ஏறி நின்றது. மகன், எனக்கு நோகவே இல்லை. இரத்தத்தைக் கண்டு பயப்படவில்லை. நோகவில்லையே என்றுதான் பயந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பெருவிரல் மாமாவின் காலில் புதைந்து கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மாமா வந்துவிட்டார். ஆட்டோ வாசலில் நிற்கிறது. நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்தபடி, போத்தல் துண்டைப் பிடுங்காமல் மேலே துணி சுற்றி, காலை ஊன்ற விடாமல் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார். எழுதி முடிக்கும் வரைக்கும்தான் பொறுப்பாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நாளைக்கு என்று சொல்லவில்லை, அதற்காக என்னை ஏசாதே. அங்கே போத்தல் துண்டை எடுப்பார்கள், கட்டுப் போடுவார்கள், குளிசை தருவார்கள். எல்லாம் நன்றாகச் செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கிழமையும் வந்து காட்ட வேண்டும் என்று மாமாவுக்குச் சொன்னாயே, அதை யாரிடம் வந்து நான் காட்டுவது? காலை மறைக்கிற என்னை ஏசி இழுத்துக் கதிரையில் இருத்தப்போவது யார்? பிலோமினாவைப் பார்க்க ஆர் இருக்கினம் என்று கேட்டாயே, அது இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவள் இப்போது என் வாசற்படியில் இருந்து தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "தம்பி எப்பக்கா வருவான்?" என்று இரண்டாம் தரமாகக் கேட்டுவிட்டாள்.

திறப்பை நான் மாமாவிடம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவர் வாங்கமாட்டார். நீ வந்து திற. நல்ல நாள் பார்க்கமாட்டேன், கேக் இல்லை, சுவாமியையும் கூப்பிடமாட்டேன். இந்தமுறை முதலில் வந்து இருக்கப்போவது உண்மையான ஒரு வருத்தக்காரி. ஆஸ்பத்திரியில் சீனி பார்க்க விரலில் குத்துவார்கள் என்று மாமா சொல்கிறார். இடக்கையைக் கொடுப்பேன். அன்றைக்கு நீ பிடித்தபோது நான் இழுத்துக்கொண்டேனே, அந்த வலக்கை விரல், அது உனக்கு.

அம்மா